ஆபீஸுக்கு ஒரு பி.எஃப்., ஆளுக்கு எத்தனை பென்ஷன்?

சிவகாசி வட்டாரத்தில் ஆள் மாறுவதற்கென்று ஒரு பருவம் உண்டு. தீபாவளிக்கு முன்பாக போனஸ் கைக்கு வரும். பண்டிகை முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரம் பூட்டிக் கிடக்கும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கும்போது, போன வருஷம் ஒரு ஆலையின் வேனில் ஏறியவர்களில் பலர் இந்த வருஷம் வேறொரு ஆலையின் வேனில் ஏறியிருப்பார்கள். அங்கே முன்பணம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், சரத்துக்கு இருபது பைசா சேர்த்துத் தருவார்கள், அல்லது பழைய போர்மேன் அங்கே போயிருப்பார். காரணம் எதுவானாலும் ஆள் மாறியாயிற்று. ஆளோடு போகாமல் பழைய இடத்திலேயே தங்கிவிடுவது ஒன்றுதான்: பி.எஃப். கணக்கு.

இப்படி இருபது, இருபத்தைந்து வருஷம் ஓடியபின், கை நடுங்கத் தொடங்கும் வயதில், "இனி பயர் ஆபீஸுக்குப் (பட்டாசு ஆலைக்கு) போக முடியாது" என்று ஒருவர் முடிவெடுக்கும்போது அவர் பெயரில் எத்தனை கணக்குகள் கிடக்கும்? சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் ஒன்று, வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலையில் ஒன்று, திருத்தங்கலில் அச்சாபீஸில் பைண்டிங் வேலை பார்த்த காலத்தில் ஒன்று, இடையில் ராஜபாளையம் மில்லில் இரண்டு வருஷம் இருந்திருந்தால் அங்கே ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடித்துப் பணத்தை மொத்தமாக வாங்கிவிடுவதுதான் இங்கே வழக்கம். நஷ்டம் ஏற்படுவதும் அங்கேதான்.

மாதம் 12,000 ரூபாய் சம்பளம் ஏட்டில் காட்டப்படும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், பி.எஃப்.புக்குப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே 12 சதவீதம் கட்ட வேண்டும். ஆனால் முதலாளி கட்டும் பணம் முழுவதும் பி.எஃப்.பில் சேர்வதில்லை. 8.33 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1,000 ரூபாய், பென்ஷன் கணக்குக்குப் போகிறது. மீதி 440 ரூபாய்தான் பி.எஃப்.பில் விழுகிறது. ஆக ஒவ்வொரு மாதமும் இரண்டு உண்டியலில் காசு விழுகிறது. பி.எஃப். உண்டியலுக்கு வட்டி உண்டு. 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் 8.25 சதவீதம் தந்தார்கள். பென்ஷன் உண்டியலில் விழுவது வட்டியோடு நம் பெயரில் வளர்வதில்லை. அங்கே எண்ணப்படுவது வருஷங்கள் மட்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது இந்த வருஷக் கணக்கைத்தான். 1995 நவம்பர் 16-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி பத்து வருஷம் பென்ஷன் சேவை இருந்தால்தான் மாதாந்திரப் பென்ஷன். பத்துக்குக் கீழே என்றால் 10சி படிவம் போட்டு, பென்ஷன் பங்கை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். கிடைப்பது ஒரு வருஷச் சேவைக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். வாங்கினால் அந்த வருஷங்கள் அழிந்துபோகும். அடுத்த ஆலையில் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

ஓர் உதாரணம். ஒரு அம்மா முதல் ஆலையில் நான்கு வருஷம், அப்போது சம்பளம் 6,000. இரண்டாவதில் மூன்று வருஷம், சம்பளம் 9,000. மூன்றாவதில் நான்கு வருஷம், 12,000. ஒவ்வொரு தடவையும் ஆலையை விட்டு வந்ததும் பென்ஷன் பங்கை வாங்கியிருந்தால் 24,000, 27,000, 48,000 என்று மொத்தம் ஒரு லட்சத்துக்கு ஆயிரம் குறைவாகக் கிடைத்திருக்கும். மூன்றையும் சேர்த்து வைத்திருந்தால் பதினொரு வருஷச் சேவை. பென்ஷனுக்கான சூத்திரம் எளிது: கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சராசரி 12,000 என்றே வைத்தால், 58 வயதிலிருந்து மாதம் சுமார் 1,885 ரூபாய். நாலரை வருஷம்கூட ஆகாமல் அந்த 99,000 ரூபாய் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவர் உயிரோடு இருக்கும்வரை. அவருக்குப் பின் கணவருக்கும் ஒரு பகுதி.

மாதம் 1,885 ரூபாயை வைத்து என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குறைந்தபட்சப் பென்ஷன் 2014 செப்டம்பர் முதல் ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தார்கள். இத்தனை வருஷ விலைவாசி ஏறியும் அதைத் தொடவில்லை. 7,500 வேண்டும் என்று ஓய்வூதியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் மகன் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுக்காரிக்கு, தன் பெயரில் வங்கியில் மாதாமாதம் விழும் அந்தத் தொகையின் மதிப்பு வேறு. மாத்திரைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பத்து வருஷம் என்ற பயம்

"பத்து வருஷம் ஆயிட்டா பென்ஷன் பணத்தை மொத்தமாத் தரமாட்டாங்க, அதுக்குள்ள எடுத்துடு" என்ற புத்திமதி இந்தப் பக்கம் புதிதல்ல. இதில் பாதி உண்மை. பத்து வருஷம் நிறைந்தால் 10சி-யில் பணம் எடுக்க வழியில்லை, பென்ஷன்தான். ஒன்பதரை வருஷம் ஆனாலே பத்தாகக் கணக்கிடுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆறு மாதமும் அதற்கு மேலும் முழு வருஷமாக எண்ணப்படும்.

பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் வசதி முன்பு இருந்தது. மாதப் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்தால், விட்டுக்கொடுத்த தொகையைப் போல நூறு மடங்கு கைக்கு வரும். 2008 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் இன்றும் இது நடக்கிறது. அங்கே ஒருவர் நான்கு நிறுவனங்களில் வேலை பார்த்து நான்கு பென்ஷன் நிதி வைத்திருந்தால், 55 வயதானதும் ஒவ்வொன்றிலும் கால் பங்கை வரியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மீதி முக்கால் பங்கு பென்ஷனுக்காக நிற்கும். அந்த 55-ஐ 2028 ஏப்ரலிலிருந்து 57 ஆக்கப் போகிறார்கள். அங்கே பேச்சு "எந்த நிதியிலிருந்து முதலில் எடுப்பது, எவ்வளவு விட்டு வைப்பது" என்று நடக்கிறது. இங்கே வேலையை விட்டவர் பென்ஷன் பணத்தை அப்படிப் பங்கு பிரிக்க முடியாது. எடுத்தால் முழுதும் போய்விடும், எடுக்காவிட்டால் முழுதும் நிற்கும். அதனால்தான் எடுக்கும் முன் யோசிக்க வேண்டிய தேவை நமக்கு அதிகம்.

அதே நேரம், எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018 அக்டோபர் 23-ல் அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தன. சரம் பின்னுவதையே தொழிலாகக் கொண்ட பெண்களுக்கு அடுத்த வேலை எது என்று யாரும் சொல்லவில்லை. மளிகைக் கடையில் கடன் ஏறும்போது, எட்டு வருஷம் கழித்து வரப்போகும் பென்ஷனைப் பற்றி யார் நினைப்பார்? கணக்கை முடித்துப் பணம் வாங்கினார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் அந்த நிலையிலும் ஒரு நடுவழி இருந்தது, இன்றும் இருக்கிறது. பி.எஃப். பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு பென்ஷன் பங்குக்குப் பணம் கேட்காமல் "ஸ்கீம் சர்ட்டிபிகேட்" கேட்கலாம். அதே 10சி படிவத்தில் அதற்கும் இடம் உண்டு. எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்பதற்கு அரசு தரும் சான்று அது. பின்னால் வேறு ஆலையில் சேர்ந்தால் அந்த வருஷங்கள் இதோடு சேரும். மொத்தத்தில் பத்து வருஷம் தாண்டியவர், வேலையில் இல்லாதபோது 58-க்கு முன் இறந்தாலும், துணைவருக்குப் பென்ஷன் வரும். பணத்தை வாங்கியிருந்தால் அந்த உரிமையும் போயிருக்கும். சிவகாசியில் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. கேட்கலாம் என்பதே தெரியாதபோது எப்படிக் கேட்பார்கள்?

ஐம்பது வயதில் நிறுத்தினால்

பட்டாசுத் தொழிலில் 58 வரை தாக்குப்பிடிப்பது எளிதல்ல. மருந்து நெடி, குனிந்தே உட்கார்ந்து செய்யும் வேலை, அலுமினியத் தூள் படிந்த கை. ஒரு விபத்தைப் பக்கத்து அறையிலிருந்து பார்த்தவர்கள் மறுநாள் போக மனமில்லாமல் நின்றுவிடுவதும் உண்டு. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம், 2024 மே 9-ல் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1-ல் சின்னக்காமன்பட்டி என்று பட்டியல் நீள்கிறது. ஐம்பதை ஒட்டிய வயதில் தொழிலை விடுகிறவர்களுக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பத்து வருஷச் சேவை இருந்தால் 50 வயதிலிருந்தே பென்ஷன் வாங்கலாம். ஆனால் 58-க்கு எத்தனை வருஷம் குறைகிறதோ அத்தனை வருஷத்துக்கும் ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு.

பதினேழு வருஷச் சேவை, சராசரி 13,000 ரூபாய் என்றால் 58-ல் மாதம் 3,157 ரூபாய். 52-லேயே கேட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 58 ஆனதும் பழைய தொகைக்கு உயர்த்துவார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். உயர்த்த மாட்டார்கள். அந்த வெட்டு ஆயுளுக்கும் உண்டு. மாறாக, 58-க்குப் பிறகு 60 வரை கேட்காமல் தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். இருபது வருஷச் சேவையோடு 58-ல் ஓய்வு பெறுகிறவருக்கு இரண்டு வருஷம் போனஸாகச் சேரும். முன்கூட்டிய பென்ஷன் வேண்டுமென்றால் பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருக்கக் கூடாது என்பதையும் மறக்கக் கூடாது. பென்ஷன் வாங்கிக்கொண்டே வேறு ஆலையில் பெயர் சேர்த்தால் சிக்கல்.

உடல் முற்றிலுமாக, நிரந்தரமாக வேலைக்கு லாயக்கற்றுப் போனால் பத்து வருஷ நிபந்தனை கிடையாது. ஒரு மாதப் பணம் கட்டியிருந்தாலே ஊனமுற்றோர் பென்ஷன் உண்டு. வேலையில் இருக்கும்போது இறந்தவரின் துணைக்கும் அப்படியே. காப்பீடாக 7 லட்சம் ரூபாய் வரை தனியே கிடைக்கும். விபத்து நடந்த ஊர்களில் முதலமைச்சர் நிவாரண நிதியும் ஆலை தரும் காசோலையும் தலைப்புச் செய்தியாகும். அதன் பிறகு வர வேண்டிய இவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நாங்களும் உட்பட.

ஆனால் இதெல்லாம் ஏட்டில் பெயர் இருந்தால்தான். விபத்துக்குப் பின் நடக்கும் விசாரணைகளில் உள்குத்தகை என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. உரிமம் ஒருவர் பெயரில், அறைகளை நடத்துவது வேறு பலர். மத்திய வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசென்ஸ் வாங்கிய பெரிய ஆலைகளில் வருகைப் பதிவேடும் சம்பளச் சீட்டும் ஓரளவு ஒழுங்காக இருக்கும். குத்தகைக்கு விட்ட அறையில் கூலிக்கு உட்காருகிறவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பெயர் இருக்கும் இடங்களிலும் இருபத்தைந்து நாள் வேலைக்குப் பதினைந்து நாள்தான் காட்டுகிறார்கள் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் புகார். சம்பளமில்லா நாட்கள் என்று எழுதப்படுகிறவை பென்ஷன் சேவையில் கழிந்துபோகும். பாஸ்புக்கைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இதை அந்த மாதமே பிடிக்கலாம். இருபது வருஷம் கழித்துப் பிடித்து என்ன பயன்?

இன்னொரு இழப்பு பாஸ்புக்கிலும் தெரியாது. இன்று ஐம்பது வயதில் இருப்பவர்கள் 1975-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் எண்பதுகளில் பள்ளிக்குப் போகாமல் தீப்பெட்டிக் கட்டையில் குச்சி அடுக்கியவர்கள். விடியுமுன் வந்து ஏற்றிக்கொண்டு போன ஆலைப் பேருந்துகளை இந்த மாவட்டம் மறக்கவில்லை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் பலர் பெரியவர்களாகிவிட்டார்கள். நாற்பது வருஷம் உழைத்த ஒருவருக்குச் சேவை பன்னிரண்டு வருஷம் என்று கணினி காட்டுகிறது என்றால், மீதியில் ஒரு பகுதி சட்டப்படி அவர் வேலையே பார்த்திருக்கக் கூடாத வயது.

வரி இல்லை, பிடித்தம் உண்டு

மாதம் 13,000 சம்பாதிக்கிறவருக்கு வருமான வரி எங்கே வரும் என்று தோன்றும். வரி வராது. ஆனால் பிடித்தம் வரும். ஐந்து வருஷம் தொடர்ந்து சேவை இல்லாமல் பி.எஃப். பணம் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால், பான் எண் தந்தவருக்கு 10 சதவீதமும் தராதவருக்கு 20 சதவீதமும் பிடித்துக்கொண்டுதான் பணம் வரும். பிடித்ததைத் திரும்ப வாங்க வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வெம்பக்கோட்டையிலிருந்து யார் செய்வார்கள்? வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று 15ஜி போன்ற சுயஉறுதிப் படிவத்தை முன்பே கொடுத்தால் இந்தப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம்.

அதைவிட நல்ல வழி, கணக்குகளைச் சேர்ப்பது. ஓர் ஆலையில் மூன்று வருஷம், அடுத்ததில் மூன்று வருஷம் இருந்தவர் முதல் கணக்கை இரண்டாவதற்கு மாற்றியிருந்தால், சட்டத்தின் கண்ணில் ஆறு வருஷம். முழுப் பணமும் வரியில்லாமல் வரும். தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே ஐந்துக்குக் கீழே.

ஐந்து வருஷம் ஆகாவிட்டாலும் வரிவிலக்கு உண்டு என்று சட்டம் சொல்லும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. உடல்நலக் குறைவால் வேலை போனால், முதலாளி தொழிலைச் சுருக்கினாலோ நிறுத்தினாலோ, தொழிலாளியின் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணத்தால் வேலை போனால் ஐந்து வருஷ நிபந்தனை பொருந்தாது. விபத்துக்குப் பின் உரிமம் ரத்தான ஆலை, நிரந்தரமாக இழுத்து மூடிய ஆலை எல்லாம் இதற்குள் வரும். இந்த விதி சிவகாசிக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் வேலையை விட்ட காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், கம்ப்யூட்டர் சென்டர் பையன் யோசிக்காமல் சொந்தக் காரணம் என்று தட்டிவிட்டால் விதி என்ன செய்யும்?

பி.எஃப். அலுவலகச் சேவைகளுக்குக் கட்டணம் கிடையாது. கைபேசியிலேயே செய்துகொள்ளலாம் என்கிறது அரசு. நடைமுறையில் கமிஷனுக்கு எடுத்துத் தருகிறவர்களை நம்பித்தான் பெரும்பாலானோர் இருக்கிறார்கள். கமிஷன் போவது சின்ன நஷ்டம். சேர்க்க வேண்டியதை முடித்துக் கொடுத்துவிடுகிறார்களே, அதுதான் பெரிய நஷ்டம். கணக்கை மாற்றிச் சேர்த்தால் கமிஷன் எடுக்கக் கையில் பணம் வராதே!

சேர்ப்பதில் உள்ள வம்பு

2014 அக்டோபருக்கு முன்னால் ஒவ்வோர் ஆலைக்கும் தனி எண், அதன் கீழே ஆளுக்கு ஓர் எண். ஆலை மாறினால் எண்ணும் மாறும். அந்த மாதம்தான் யு.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க எண் வந்தது. எத்தனை ஆலை மாறினாலும் ஆளுக்கு ஒரே எண் என்பது திட்டம். புதிய ஆலையில் சேரும்போது பழைய யு.ஏ.என்.னைச் சொல்லாமல் விட்டதால் இரண்டு, மூன்று எண்ணோடு இருப்பவர்கள் உண்டு. அதற்கும் முந்தைய கணக்குகள் யு.ஏ.என்.னோடு இணையாமலே கிடக்கின்றன.

அவற்றை இணைக்கப் போனால் பெயர் குறுக்கே நிற்கும். ஆலையில் முத்துமாரி, ஆதாரில் முத்துமாரியம்மாள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்து, பின் கணவர் பெயருடையது. பிறந்த தேதியோ, அந்தக் காலத்தில் போர்மேன் ஆளைப் பார்த்து வயதைக் குத்துமதிப்பாக எழுதியது. குறைந்த வயதுப் பிள்ளையைப் பதினெட்டு என்று எழுதிய ஏடுகளும் இருக்கும். அந்தப் பொய்த் தேதிதான் இன்று ஆதாரோடு ஒத்துவராமல் நிற்கிறது. 2017 அக்டோபருக்குப் பின் வாங்கிய யு.ஏ.என்.னில் பல திருத்தங்களைத் தொழிலாளியே இணையத்தில் செய்துகொள்ளலாம் என்று 2025 ஜனவரியில் எளிதாக்கினார்கள். அதற்கு முந்தையவற்றுக்கு முதலாளியும் சேர்ந்து உறுதிமொழி தர வேண்டும். உதவி தேவைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பழைய ஆட்கள்தான் என்பதை டெல்லியில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆலை மூடிப்போய் முதலாளியும் இல்லையென்றால், வங்கி மேலாளர் போன்றவர்களின் சான்றோடு அலுவலகத்தை அணுகலாம்.

ஆலை, வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் கவலை வேண்டாம். கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனபின் தொழிலாளியே அதைப் பதியலாம். முறையான விண்ணப்பம் கிடைத்த 20 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது விதி. தக்க காரணமின்றித் தாமதித்தால் ஆணையரே 12 சதவீத வட்டிக்குப் பொறுப்பு என்றும் அதே விதி சொல்கிறது.

இதற்கிடையில் விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2025 அக்டோபர் 13-ல் கூடிய மத்திய அறங்காவலர் குழு, வேலை போனவர் கணக்கை முழுதாக முடிக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாகவும், பென்ஷன் பங்கை எடுக்க இரண்டு மாதத்திலிருந்து முப்பத்தாறு மாதமாகவும் நீட்ட முடிவெடுத்தது. பி.எஃப்.பில் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், கால் பங்கு நிற்க வேண்டும். 55 வயதுக்குப் பின் ஓய்வு பெறுகிறவர், நிரந்தர ஊனமானவர், ஆட்குறைப்பில் வேலை இழந்தவர் முழுதும் எடுக்கலாம். விண்ணப்பம் போடும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. நகரத்து ஊழியர்கள் இந்த முடிவை எதிர்த்துக் கத்தினார்கள். பென்ஷன் பங்கை மூன்று வருஷம் தொட முடியாது என்பது சிவகாசிக்கு நல்லதே செய்யும் என்பது என் கருத்து. மூன்று வருஷத்துக்குள் பெரும்பாலானோர் அடுத்த ஆலையில் சேர்ந்திருப்பார்கள், வருஷங்கள் அழியாது. கால் பங்கு பி.எஃப்.பை நிறுத்தி வைப்பது மட்டும் கொடுமை. ஆலை அடைத்த மாதத்தில் அந்தக் கால் பங்குதான் வீட்டு வாடகை.

2022 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் கூடுதல் பென்ஷன் வழக்கில் தந்த தீர்ப்பைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அது பென்ஷன் கணக்கிடும் சம்பளத்துக்கு வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மேலே சம்பளம் வாங்கியவர்களின் சண்டை. வரம்பை எட்டிப் பார்க்காதவர்களுக்காக எந்த வழக்கும் அந்த உயரத்துக்குப் போகவில்லை.

கூட வராத பணம்

பி.எஃப். ஆளோடு வரும், மாற்றினால். பணிக்கொடை வராது. கிராஜுவிட்டி என்று சொல்லும் அந்தத் தொகை ஒவ்வொரு முதலாளியிடமும் தனித்தனி. ஐந்து வருஷம் ஒரே இடத்தில் இருந்தால்தான் உரிமை. வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து. கடைசிச் சம்பளம் 13,000, ஆறு வருஷச் சேவை என்றால் 45,000 ரூபாய். அதற்கு வரி இல்லை. பீஸ் ரேட் வேலைக்காரர்களுக்குக் கடைசி மூன்று மாதச் சராசரியை வைத்துக் கணக்கிடுவார்கள். ஆகவே மழைக்கால மந்தத்தில் வேலையை விடுகிறவருக்குச் சராசரி குறையும். வேலை நிறைந்த மாதங்களை அடுத்து விடுவது லாபம்.

நான்கு வருஷம் ஒன்பது மாதத்தில் நின்றவர்களுக்கும் வழியில்லாமல் இல்லை. ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மழைக்கு அடைத்த நாட்கள் போக 240 தேறினால் அந்த வருஷமும் கணக்கில் உண்டு. வேலையில் இறந்தாலோ ஊனமானாலோ ஐந்து வருஷம் தேவையில்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை என்கிறது. ஆனால் எழுத்தில் ஒப்பந்தமே இல்லாத ஊரில் அது யாருக்குப் பயன்படும் என்று பார்க்கத்தான் வேண்டும்.

தீபாவளி முன்பணத்துக்காக நான்காவது வருஷ முடிவில் ஆலை மாறுகிறவர், அந்த முன்பணத்தைவிடப் பெரிய தொகையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். முன்பணம் கடன், திருப்பித் தர வேண்டும். பணிக்கொடை அவருடைய சொந்தப் பணம்.

ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி, 'வைப்பு நிதி உங்கள் அருகில்' என்ற குறைதீர் முகாமை மாவட்டந்தோறும் பி.எஃப். நிறுவனம் நடத்துகிறது. விடுமுறையானால் அடுத்த வேலை நாள். இடத்தை முன்கூட்டி அறிவிப்பார்கள். ஆதார், வங்கிப் பாஸ்புக், பழைய ஆலைகளின் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை என்று எது கையில் இருந்தாலும் எடுத்துப் போங்கள். ஆலை பெயரும் வேலை பார்த்த வருஷமும் நினைவிருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "என் பழைய கணக்குகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தாருங்கள், என் பென்ஷன் சேவை எத்தனை வருஷம் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை 10சி படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.